நெறியாளர் கண்டுகொள்ளவில்லை, புராஜெக்டை என்ன செய்வது?

தங்கச்சிமடத்திலிருந்து எம்.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் எழுதியதைச் சுருக்கினால் இதுதான் வருகிறது. நெறியாளர் 'மன்னார் வளைகுடாத் தீவுகளின் பவளப்பாறைகள்' என்று ஒரு வரித் தலைப்பைக் கொடுத்ததோடு சரி, இரண்டு மாதமாக உட்கார்ந்து பேசவே இல்லை. போய் நின்றால் 'பிறகு வா' என்கிறார். சீனியர்கள் ஒரு ஜெராக்ஸ் கடையைக் காட்டி, பணம் கட்டினால் ஆய்வேட்டை எழுதி பைண்டிங்கும் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்கிறார்கள். நெறியாளரை மாற்றக் கேட்கலாமா, கடையில் கொடுத்துச் செய்வது அவ்வளவு பெரிய தவறா என்பது முதல் இரண்டு கேள்விகள். பிஎச்.டி. செய்ய ஆசை, ஆனால் வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடுகிறது, எப்படிப்பட்ட நெறியாளரைத் தேடுவது என்பது மூன்றாவது.

மூன்றாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: நேரம் தராத ஒருவரிடமிருந்து வழிகாட்டுதலை எப்படி வாங்குவது? அதற்குப் பதில் இருக்கிறது. அதற்கு முன் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையோரத்தில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். எம்.எஸ்சி. புராஜெக்டுகளை வழிநடத்தியிருக்கிறேன், சில பிஎச்.டி. மாணவர்களும் உண்டு, வெளிக் கல்லூரிகளுக்குப் புறத்தேர்வாளராகவும் போயிருக்கிறேன். ஆகவே நான் சொல்வது மீன், நண்டு, பாசி என்று களத்துக்குப் போகும் படிப்புகளுக்குப் பொருந்தும். வரலாறோ வணிகவியலோ படிப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலும் உங்கள் நெறியாளரின் தரப்பை நான் கேட்கவில்லை. கௌரவ விரிவுரையாளர்களை நம்பியே வகுப்புகள் ஓடும் துறைகளில் ஒருவர் தலையில் எத்தனை புராஜெக்டுகள் வந்து விழும் என்பது எனக்குத் தெரியும். சோம்பேறி நெறியாளரும் உண்டு, வேலையில் மூச்சுத் திணறும் நெறியாளரும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் 'பிறகு வா' என்றுதான் சொல்வார்கள்.

கடை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வேண்டாம். ஒழுக்கம் பேசுவதற்காகச் சொல்லவில்லை, அது மாட்டிக்கொள்ளும் சரக்கு என்பதால் சொல்கிறேன். ஒரு வாய்மொழித் தேர்வில் என் முன் வைக்கப்பட்ட ஆய்வேடு பார்க்க அழகாக இருந்தது. மண்டபத்தில் விசைப்படகுகள் கொண்டுவந்த மீன்களின் மாதவாரி அட்டவணை. ஜனவரி தொடங்கி டிசம்பர் வரை பன்னிரண்டு கட்டங்களும் நிரம்பியிருந்தன. மே மாதக் கட்டத்தில் விரல் வைத்து, 'இந்த மீன் எந்தப் படகில் வந்தது?' என்று கேட்டேன். பையன் விசைப்படகுக் குடும்பத்தைச் சேர்ந்தவன். கேள்வி முடிவதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரை முழுவதும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மே மாதத்தில் அவனுடைய வீட்டுப் படகே கரையில் பழுது பார்க்கக் கிடந்திருக்கும். உள்ளூர்ச் சிறுவனுக்குக்கூடத் தெரிந்த இந்தச் செய்தி, எங்கோ உட்கார்ந்து அட்டவணை நிரப்பியவருக்குத் தெரியவில்லை. அடுத்த பக்கத்தில் ஒவ்வொரு மீன் இனத்துக்கும் நீள எடை உறவின் அடுக்கு எண், அதாவது நீளம் கூடும்போது எடை எந்த வேகத்தில் கூடுகிறது என்று காட்டும் எண், துல்லியமாக 3.00 என்று வேறு இருந்தது. உண்மையான மீன்கள் அவ்வளவு கீழ்ப்படிதல் உள்ளவை அல்ல, 2.5 முதல் 3.5 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும்.

விதிமுறையையும் தெரிந்துகொள்ளுங்கள். கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளின்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 சதவீதம் வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியையும் கொடுக்க முடியாது. அதற்கு மேல் போனால் பதிவே ரத்தாகும். இவை முதுநிலை, ஆய்வு நிலைப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளுக்கானவை. சாதாரணப் புராஜெக்ட் அறிக்கைகள் அந்த வரையறைக்குள் வருவதில்லை. உங்கள் துறை உங்களுடையதை எந்தக் கணக்கில் வைக்கிறது என்று கேட்டுவிடுங்கள். ஆனால் எண்களை மட்டும் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். ஆளை வைத்துப் புதிதாக எழுதிய பொய்யை மென்பொருள் பிடிக்காது, மே மாதக் கேள்வி பிடிக்கும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இதுவே பொருந்தும். ஆங்கிலத்தைச் சீர்படுத்த உதவும், உங்கள் கல்லூரி அனுமதித்தால் அதற்குப் பயன்படுத்துங்கள். மேற்கோள் கேட்டால் இல்லாத கட்டுரைக்கும் ஆண்டும் பக்க எண்ணும் போட்டுத் தரும். கையில் எடுத்துப் படிக்காத எதையும் மேற்கோள் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

தட்டச்சுக்கும் பைண்டிங்குக்கும் பணம் கொடுப்பதில் தவறே இல்லை. புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து கணக்கைக் கற்றுக்கொள்வதும், நன்றியுரையில் அவர் பெயரைப் போடுவதும் முறையான உதவிதான். தரவு உங்கள் கையால் எடுத்ததாகவும், முடிவை உங்கள் வாயால் விளக்கக்கூடியதாகவும் இருக்கிறதா என்பதே எல்லைக்கோடு.

அடுத்தது தலைப்பு. உங்கள் சிக்கலில் பாதி நெறியாளரிடம் இல்லை, அவர் கொடுத்த தலைப்பில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் அதற்குள் அடக்கம். ஆய்வுக்காக அங்கே போகத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். நடைமுறையை ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஆனால் ஒரு பருவத்துக்குள் விண்ணப்பித்து, அனுமதி வாங்கி, படகு பிடித்து, முக்குளித்து, தரவெடுத்து முடிப்பது ஒரு எம்.எஸ்சி. மாணவிக்கு நடக்கிற காரியம் அல்ல. பவளம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டை மாதிரி என்று பையில் போட்டுக்கொண்டு வருவதும் வம்புதான். கடல் அட்டை, கடல் குதிரை, கடல் விசிறி எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை. 'ஆராய்ச்சிக்காக எடுத்தேன்' என்பது சோதனைச் சாவடியில் எடுபடாது.

அனுமதி தேவைப்படாத, பஸ்ஸிலோ நடந்தோ போய்த் தொடக்கூடிய தலைப்பைத் தேடுங்கள். நீங்கள் இருக்கும் ராமேஸ்வரம் தீவுக்கு ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. வேறு ஊர் மாணவர்கள் இதற்காகவே ரயிலேறி வருகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டாகக் காரல் மீனைச் சொல்கிறேன். ஏலத்தில் 'காரல்' என்று ஒரே கூடையில் கொட்டுகிறார்கள். பெரும்பகுதி கருவாட்டுக்கும் தீவனத்துக்கும் போகிறது, ஏறெடுத்துப் பார்ப்பார் இல்லை. அந்தக் கூடைக்குள் பல இனங்கள் கலந்து கிடக்கின்றன. ஒரு மீனை எடுத்து மேலுதட்டை நகத்தால் மெல்ல இழுத்துப் பாருங்கள். சுருட்டி வைத்த குழாய் போல வாய் வெளியே நீளும். அது மேல்நோக்கி நீண்டால் செக்யூட்டர் பேரினம். முன்னோக்கியோ கீழ்நோக்கியோ நீண்டால் லியோக்னாதஸ் பேரினமும் அதற்கு நெருங்கியவையும். தாடையில் கோரைப்பல் விரலில் தட்டுப்பட்டால் காசா பேரினம். இதைக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். அதற்குப் பிறகு இனம் வரை போக அடையாளக் கையேடும், ஃபிஷ்பேஸ் இணையத்தளமும், சந்தேகம் தீர்க்க ஒரு நிபுணரும் வேண்டும். பேரினப் பெயர்கள் சில அண்மைக் காலத்தில் மாறியிருக்கின்றன, ஆகவே பழைய புத்தகத்தில் இருக்கும் பெயரை அப்படியே எழுதாமல் இன்று ஏற்கப்பட்ட பெயரைச் சரிபாருங்கள்.

'தங்கச்சிமடம், பாம்பன் இறங்குதளங்களில் காரல் மீன்களின் இனக்கலவை, ஜனவரி முதல் மார்ச் வரை' என்பது சின்னத் தலைப்புதான். அதனால்தான் முடிக்க முடியும். பாம்பன் தெற்குவாடி மன்னார் வளைகுடாப் பக்கம், வடக்குக் கரை பாக் விரிகுடாப் பக்கம் என்பதால் இரண்டையும் ஒப்பிடும் வாய்ப்பும் கிடைக்கிறது. ஆனால் இரண்டு கரையிலும் ஒரே வகை வலையில் பிடித்த மீன்களா என்று பாருங்கள். ஒரு பக்கம் இழுவலை, மறுபக்கம் செவுள்வலை என்றால் நீங்கள் ஒப்பிடுவது கடலை அல்ல, வலையை. மூன்று மாதத் தரவை வைத்துக்கொண்டு 'இனப்பெருக்கப் பருவம்' என்று தலைப்பு வைக்காதீர்கள், அதற்குக் குறைந்தது ஓராண்டு வேண்டும். விசைப்படகுகள் வாரத்தில் எல்லா நாளும் போவதில்லை, காற்றடித்தால் கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கனும் கிடைக்காது. ஆகவே மாதிரி எடுக்கும் நாளைக் காலண்டரில் குறிப்பதற்கு முன் கரையில் கேளுங்கள். ஏப்ரல் 15 அன்று கதவு மூடிவிடும். நாட்டுப்படகுகள் அதற்குப் பிறகும் போகும் என்றாலும் அது வேறு வலை, வேறு தரவு.

களத்தில் செய்யும் வேலையில் நெறியாளர்கள் சொல்ல மறக்கும் சில விஷயங்கள் உண்டு. அளவுப் பலகையும் சிறிய மின்னணுத் தராசும் போதும், ஆனால் அன்றன்றே அளந்துவிடுங்கள். பார்மலினில் போட்டு வைத்த மீன் சுருங்கும், ஒரு மாதம் புதிதாகவும் அடுத்த மாதம் பார்மலினிலும் அளந்தால் மீன் குட்டையாகிவிட்டது என்று ஒரு பொய்யான கண்டுபிடிப்பு வரும். கூடையில் பெரிதாகப் பார்த்துப் பொறுக்காதீர்கள். ஒரு பக்கமாகக் கையை விட்டு, வந்ததை எல்லாம் எடுங்கள். குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரையும். இன்னொன்று மிக முக்கியம்: படகின் பதிவு எண், ஓட்டியின் பெயர், எந்த இடத்தில் வலை போட்டார்கள் என்பதை ஆய்வேட்டில் அச்சடிக்காதீர்கள். நம் கரையில் எல்லை தாண்டியதாகப் பிடிபடுவது அன்றாடச் செய்தி. இரட்டைமடி போன்ற தடைசெய்யப்பட்ட வலைகளின் பேச்சும் காதில் விழும். உங்களை நம்பிச் சொன்ன ஒருவருக்கு உங்கள் ஆய்வேடு சாட்சியாக மாறிவிடக் கூடாது. 'படகு அ', 'படகு ஆ' என்று எழுதினாலே அறிவியலுக்குப் போதும்.

இனி நெறியாளரிடம் வருகிறேன். வெறுங்கையோடு போய் 'சார், புராஜெக்ட் பற்றிப் பேச வேண்டும்' என்றால் எந்தப் பேராசிரியரும் பிறகு வா என்றுதான் சொல்வார். அந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் ஒரு மணி நேரம் போய்விடும் என்று அவருக்குத் தோன்றும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு தாளைக் கொண்டுபோங்கள். மேலே தலைப்பு, கீழே என்ன கேள்விக்கு விடை தேடுகிறீர்கள் என்று இரண்டு வரி, எங்கே, எத்தனை முறை, எப்படி மாதிரி எடுப்பீர்கள் என்று ஐந்தாறு வரி, கடைசியில் அவர் முடிவு சொல்ல வேண்டிய இரண்டு கேள்விகள். பவளத் தலைப்பை மாற்றுவதையும் இந்தத் தாளிலேயே வையுங்கள். 'நீங்கள் கொடுத்த தலைப்பு சரியில்லை' என்ற தொனி வேண்டாம். 'தீவுக்கு அனுமதி கிடைக்கக் காலம் போதாது சார், அதனால் இறங்குதளத்தில் செய்யலாமா?' என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது பேர் அந்த இடத்திலேயே சரி என்பார்கள், அவர்களுக்கும் ஒரு தலைவலி குறைகிறது.

அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை சிறிய செய்தி அனுப்புங்கள். மின்னஞ்சல் நல்லது, அவர் வாட்ஸ்அப் தான் பார்ப்பார் என்றால் அதுவும் பரவாயில்லை. இப்படி எழுதலாம்: 'வணக்கம் சார். இந்த வாரம் தெற்குவாடியில் இரண்டு முறை மாதிரி எடுத்தேன். மூன்று வகைக் காரல் கிடைத்தன, ஒன்றின் பெயரில் சந்தேகம், படம் இணைத்திருக்கிறேன். ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த மீன்களைச் சேர்த்துக் கணக்கிடலாமா, தனியாக வைக்கலாமா? வியாழன் மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் வந்து பார்க்கலாமா?' அதில் வேலை நடந்த அடையாளம் இருக்கிறது, ஆம் இல்லை என்று சொல்லக்கூடிய கேள்வி இருக்கிறது, நாளும் நேரமும் இருக்கிறது. பேசி முடித்து வந்ததும் அவர் என்ன சொன்னார் என்பதை நான்கு வரியில் அவருக்கே திருப்பி அனுப்புங்கள். நாளைக்கு அவர் மறந்தாலும் அந்தச் செய்தி மறக்காது. மார்ச் மாதம் 'இதை யார் செய்யச் சொன்னது?' என்ற கேள்வி வந்தால் அதுதான் உங்கள் பாதுகாப்பு.

எழுதியதைத் துண்டு துண்டாகக் கொடுங்கள். அறுபது பக்கத்தைக் கடைசி வாரத்தில் மேசையில் வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள், முன்னட்டையில் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவார்கள். செய்முறை அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள், களத்துக்குப் போகும் மாதத்திலேயே எழுதலாம், நான்கு பக்கம்தான் வரும். பிறகு அட்டவணைகள், அவற்றை விளக்கும் முடிவுகள். முன்னுரையைக் கடைசியாக எழுதுங்கள். நம் மாணவர்கள் நேர் எதிராகச் செய்கிறார்கள்: 'உலகின் முக்கால் பங்கு கடலால் சூழப்பட்டது' என்று தொடங்கி முன்னுரைக்கே இருபது பக்கம் போய்விடுகிறது, சொந்தத் தரவு நான்கு பக்கத்தில் முடிகிறது. தேர்வாளர் முதலில் புரட்டுவது அந்த நான்கு பக்கத்தைத்தான்.

நெறியாளரிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது என்ன? தலைப்பும் முறையும் நடக்கக்கூடியவைதானா என்று பார்த்துச் சொல்வது, வேலை நடுவில் இருக்கும்போது தரவை ஒரு முறையாவது கண்ணால் பார்ப்பது, வரைவைப் படித்துக் குறை சொல்வது, ஆய்வகம் பயன்படுத்தவும் வெளி நிறுவனத்துக்குப் போகவும் கடிதம் தருவது. ஆங்கிலத்தை வரிக்கு வரி திருத்துவதும், உங்களுக்காகக் கணக்குப் போடுவதும், அட்டவணை வரைவதும் அவர் வேலை அல்ல. சிலர் அன்பால் செய்வார்கள், அதை உரிமையாக எண்ண வேண்டாம். மேலே சொன்னபடி மூன்று முறை எழுதிக் கேட்டும் ஒரு பதிலும் இல்லை என்றால், அந்தச் செய்திகளின் நகலோடு துறைத் தலைவரைப் பாருங்கள். புகாராகப் போகாதீர்கள். 'சாருக்கு வேலை அதிகம் போலிருக்கிறது, வரைவைப் பார்க்க இன்னொருவரையும் இணை நெறியாளராகச் சேர்க்க முடியுமா?' என்று கேளுங்கள். எம்.எஸ்சி.யின் கடைசிப் பருவத்தில் நெறியாளரை முழுதாக மாற்றுவதை நான் பொதுவாகப் பரிந்துரைக்க மாட்டேன். காலம் இல்லை, சின்னத் துறையில் மனக்கசப்பு நீண்ட நாள் நிற்கும், அகமதிப்பெண்ணும் அதே அறையில்தான் இருக்கிறது. உங்கள் துறையின் சூழல் உங்களுக்குத்தான் தெரியும் என்பதால் இதில் என் சொல்லை முடிவாகக் கொள்ள வேண்டாம்.

ஒன்றில் மட்டும் தயக்கமே வேண்டாம். நெறியாளர் பணம் கேட்டாலோ, வீட்டு வேலைக்கு அழைத்தாலோ, தனியாக வரச்சொல்லி அசௌகரியமாக நடந்துகொண்டாலோ அது மெத்தனம் அல்ல, குற்றம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கின்றன. அந்தக் குழுவில் மாணவிகளும் புகார் கொடுக்கலாம். வீட்டில் முதலில் சொல்லுங்கள், தேதியோடு எழுதி வையுங்கள். அப்போது நெறியாளரை மாற்றுவதற்கு எந்தப் பருவமும் தடை இல்லை.

வழிகாட்டுதல் ஒரே நாற்காலியிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் இருக்கும் இடம் அப்படிப்பட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கியது, அதன் தலைமையகம் பல ஆண்டுகள் மண்டபம் முகாமில்தான் இருந்தது. தலைமையகம் பிறகு கொச்சிக்குப் போய்விட்டாலும் மண்டபத்தில் அதன் பிராந்திய மையம் இருக்கிறது. பாசியில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தின் பாசி ஆய்வு மையமும் மண்டபத்தில் உண்டு. வடக்கே தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை வளாகம். துறைத் தலைவரின் கடிதத்தோடு, முன்கூட்டியே கேட்டுவிட்டு, ஒரு குறிப்பிட்ட கேள்வியோடு போங்கள். 'என் புராஜெக்டுக்கு உதவுங்கள்' என்று போனால் யாரும் உதவ மாட்டார்கள். 'இந்த இரண்டு காரலையும் எப்படிப் பிரிப்பது?' என்று ஐஸ் பெட்டியோடு போனால் விஞ்ஞானியே எழுந்து வந்து பார்ப்பார். கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பழைய வெளியீடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிஎச்.டி. ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா தளம் இருக்கிறது. அவற்றில் எதையும் வெட்டி ஒட்டாமல், முந்தையவர்கள் மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்பதை மட்டும் படித்தாலே உங்கள் செய்முறை அத்தியாயம் நேராகிவிடும். வீட்டில் கடலுக்குப் போகிறவர்கள் இருந்தால் அவர்களையும் உட்காரவைத்துக் கேளுங்கள். எந்தக் காற்றுக்கு எந்தக் காரல் கூடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை முடிவாக எழுதாமல், சோதித்துப் பார்க்க வேண்டிய கருதுகோளாக எழுதுங்கள்.

பிஎச்.டி. பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளே இப்போது அடிப்படை. பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் மட்டுமே வழிநடத்தலாம். ஓய்வுக்கு மூன்றாண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிய மாணவரைச் சேர்க்கக் கூடாது. பாடப்பணி குறைந்தது 12 கிரெடிட். ஒவ்வொரு பருவமும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். இந்தக் குழுவைப் பெரும்பாலோர் சடங்காக நினைக்கிறார்கள். நெறியாளர் கவனிக்கவில்லை என்றால் அதைப் பதிவு செய்ய உங்களுக்குக் கிடைக்கும் முறையான இடம் அது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022-இல் எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தனியாக விதி வைத்திருக்கலாம், ஆகவே சேரும் இடத்தின் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை போடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களும் அந்த ஜெராக்ஸ் கடையின் வகையறாதான்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு விதிகள் உதவாது. அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களைக் கல்லூரிக்கு வெளியே, டீக்கடையிலோ பஸ்ஸிலோ சந்தித்துக் கேளுங்கள்: கடைசியாக வரைவைக் கொடுத்தது எப்போது, திரும்ப வந்தது எப்போது? கட்டுரையில் முதல் பெயர் யாருடையது? அவரிடம் சேர்ந்து பாதியில் விட்டவர்கள் இருக்கிறார்களா, ஏன் விட்டார்கள்? பெரிய பெயர், நிறைய விருது, எப்போதும் பயணம் என்று இருப்பவரைவிட, மூன்று மாணவர்களை வைத்துக்கொண்டு வாரம் ஒரு நாள் ஆய்வகத்தில் உட்காரும் உதவிப் பேராசிரியர் மேல் என்பது என் அபிப்பிராயம். இதை மறுப்பவர்கள் உண்டு. பெரிய பெயருக்குப் பின்னால் பெரிய ஆய்வகமும் உதவித்தொகையும் வரும் என்பார்கள், அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. உதவித்தொகைக்கு நெறியாளரை நம்பாமல் தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதுங்கள். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். 2024 முதல் நெட் மதிப்பெண்ணே பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுகிறது. கையில் சொந்த உதவித்தொகையோடு வரும் மாணவிக்கு நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தானாகக் கூடுகிறது.

கல்யாணப் பேச்சுக்கு விதிகளில் சில வாசல்கள் இருக்கின்றன, வீட்டிலும் சொல்லுங்கள். பிஎச்.டி.க்கு ஆறு ஆண்டு வரை காலம், மறுபதிவில் இன்னும் இரண்டு ஆண்டு, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு என்று மொத்தம் பத்து ஆண்டு வரை போகலாம். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாட்கள் வரை விடுப்பு உண்டு. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறினால், எடுத்த தரவை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொண்டு தொடரவும் இடம் இருக்கிறது. முதல் நிறுவனத்துக்கும் நெறியாளருக்கும் உரிய அங்கீகாரம் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாப்பிள்ளை வீட்டார் சென்னையோ சிங்கப்பூரோ எங்கிருந்தாலும், இதைப் பற்றிய பேச்சு நிச்சயதார்த்தத்துக்கு முன்பே நடந்துவிடட்டும். நெறியாளரிடமும் சேரும் நாளிலேயே, ஊர் மாற நேர்ந்தால் மாற்றத்துக்கு ஒப்புதல் தருவீர்களா என்று கேட்டு, அவர் சொன்ன பதிலை வழக்கம்போல நான்கு வரியில் அவருக்கே அனுப்பிவிடுங்கள்.